‘வேண்டாம்’ என்று சொல்லப் பழக்கினால் மட்டும் போதாது: பாலியல் துன்புறுத்தலிலிருந்து குழந்தைகளைக் காக்க பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

பல வீடுகளில் குழந்தைப் பாதுகாப்பு என்பது ஒரே ஒரு நாள் பேச்சோடு முடிந்துவிடுகிறது. குழந்தையை உட்காரவைத்து ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ சொல்லிக்கொடுப்பார்கள். தெரியாதவர் கூப்பிட்டால் போகாதே என்பார்கள். இரண்டிலுமே பெரிய ஓட்டை இருக்கிறது. குழந்தைகளிடம் அத்துமீறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்: உறவினர், குடும்ப நண்பர், அண்டை வீட்டுக்காரர், ஆசிரியர், பயிற்சியாளர், மூத்த வயதுப் பிள்ளை, சில வீடுகளில் பெற்றோரில் ஒருவரே. தொடுதலும் பல நேரம் ‘கெட்டதாக’ வருவதில்லை. கிச்சுகிச்சு, மல்யுத்த விளையாட்டு, செல்லம் என்று வரும். வலிக்காது, உடம்புக்கு இதமாகக்கூட இருக்கலாம். கெட்டதாக உணராத குழந்தை சொல்லாது. இதமாக உணர்ந்த குழந்தையோ தானும் தப்பு செய்துவிட்டதாக நினைத்து இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொள்ளும்.

ஆறு வயதுக் குழந்தை, தான் நேசிக்கிற ஒரு பெரியவரை ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லால் நிறுத்திவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. தடுப்பது பெரியவர்கள் வேலை. மீறி ஏதாவது நடந்தால் அது சீக்கிரம் வெளியே வர வேண்டும்; குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பது முக்கியமாக அதற்காகத்தான். அதனால் முதலில் பெரியவர்கள் செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

எப்படி நெருங்குகிறார்கள்

அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் ஃபிங்கல்ஹோர் 1984இல் இதை நான்கு தடைகளாகப் பிரித்துக் காட்டினார். அத்துமீறுபவருக்கு முதலில் அந்த எண்ணம் இருக்க வேண்டும். பிறகு தன் மனசாட்சியை அவர் சமாளிக்க வேண்டும். அடுத்து, குழந்தையைச் சுற்றியிருக்கும் காவலைத் தாண்ட வேண்டும். கடைசியாகக் குழந்தையின் எதிர்ப்பைக் கடக்க வேண்டும். முதல் இரண்டும் நம் கையில் இல்லை. நான்காவதைத்தான் பள்ளிகளும் பெற்றோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் நம் கை ஓங்கியிருக்கும் இடம் மூன்றாவது.

அந்தக் காவலைத் தாண்டுவதற்காக அவர்கள் முதலில் வசப்படுத்துவது பெற்றோரைத்தான். அவசரத்துக்கு உதவுவார்; ‘நீங்க போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்’ என்பார்; பள்ளியிலிருந்து அழைத்து வருவார். பெற்றோர் பிரிந்த வீடு, நோயாளி இருக்கும் வீடு, இருவரும் நீண்ட நேரம் வேலைக்குப் போகும் வீடு என்றால் அந்த உதவி வரம் போலத் தெரியும். பிறகு குழந்தைக்குத் தனிப் பரிசு, தனிச் சலுகை, ‘நீ மத்தவங்க மாதிரி இல்ல’ என்ற பேச்சு. அதற்கடுத்து ஒரு சின்ன இரகசியம்: வீட்டில் அனுமதிக்காத கேமை விளையாட விடுவது, ‘அம்மாகிட்ட சொல்லாதே’ என்பது. குழந்தை சொல்லவில்லை என்றால் சோதனையில் தேறிவிட்டது என்று பொருள். தொடுதல் அதற்குப் பிறகுதான் வரும், அதுவும் தற்செயல் போல, சில நேரம் பெற்றோர் கண்முன்னாலேயே. நீங்கள் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை என்றால், ‘அம்மா அப்பாவுக்கு இது சரிதான் போல’ என்று குழந்தை முடிவு செய்துகொள்ளும்.

ஆளின் முகத்தையோ படிப்பையோ பக்தியையோ வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பெண்களும் செய்கிறார்கள்; கணிசமான நிகழ்வுகளில் செய்தவர் பதின்வயதுப் பிள்ளை. கவனிக்க வேண்டியது நடத்தையை: குழந்தையோடு தனிமையைத் திரும்பத் திரும்ப உருவாக்குகிறாரா, குழந்தை ‘போதும்’ என்ற பிறகும் விளையாட்டை நிறுத்தாமல் இருக்கிறாரா, நீங்கள் வைத்த விதியைச் சிரித்துக்கொண்டே மீறுகிறாரா, குழந்தைக்கும் உங்களுக்கும் இடையே பிளவு வைக்கிறாரா.

முதல் வேலை: தனிமை வாய்ப்பைக் குறைப்பது

ஒரு பெரியவர், ஒரு குழந்தை, மூடிய கதவு. ஆபத்தில் பெரும்பகுதி இந்த மூன்றும் சேரும்போதுதான். மூன்றில் ஒன்றை நீக்கிவிட்டாலே வாய்ப்பு வெகுவாகச் சுருங்கும். வீட்டுக்கு வந்து பாடம் சொல்பவர் கூடத்தில் உட்காரட்டும். அறையில்தான் நடக்க வேண்டும் என்றால் கதவு திறந்திருக்கட்டும். நீங்கள் நேரம் குறிக்காமல் உள்ளே போய் வாருங்கள். ‘எப்போது வேண்டுமானாலும் யாராவது வருவார்கள்’ என்ற நிச்சயமின்மைதான் காவல். தினமும் 5 மணிக்கு எட்டிப்பார்த்தால் அது காவல் ஆகாது. ஆன்லைன் வகுப்பாக இருந்தால் ஹெட்போன் இல்லாமல், ஸ்பீக்கரில்.

இதைச் சொல்லத்தான் பலருக்குச் சங்கடம். ஒருவரைக் குறிவைத்துச் சொன்னால் சண்டையாகும். எல்லோருக்கும் பொதுவாக, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ‘எங்க வீட்டுல யார் வந்தாலும் இதே பழக்கம்தான், பிள்ளைங்களோட இருக்கும்போது கதவைச் சாத்தறதில்ல.’ நேர்மையானவருக்கு இது பாதுகாப்பு; தன் மேல் வீண்பழி வராது என்று நிம்மதி அடைவார். கோபப்படுகிறவரையும், ‘நம்மள நம்பலையா’ என்று உங்களைக் குற்றவுணர்ச்சியில் தள்ளுகிறவரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி, விளையாட்டுப் பயிற்சி, காப்பகம், வழிபாட்டுத் தல வகுப்பு எதில் சேர்க்கும் முன்பும் நேராகக் கேளுங்கள். பணியாளர்களின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்கிறீர்களா? சிறு குழந்தையைக் கழிவறைக்கு யார் அழைத்துப் போவார்? ஆசிரியர் மாணவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பலாமா? வாகனத்தில் கடைசியாக இறங்கும் குழந்தையோடு வேறு யார் இருப்பார்? புகார் வந்தால் யாரிடம் போகும், எத்தனை நாளில் காவல்துறைக்கோ குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கோ தெரிவிப்பீர்கள்? பின்னணிச் சரிபார்ப்பை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். அதில் சிக்குவது ஏற்கெனவே பிடிபட்டவர் மட்டுமே. ‘இங்கே அப்படியெல்லாம் நடக்காது’ என்பது பதிலே அல்ல. எழுத்தில் விதி வைத்திருக்கும் இடமே மேல்.

வேறு வீட்டில் இரவு தங்குவதென்றால் இன்னும் கறாராக இருங்கள். அன்று வீட்டில் யார் யார் இருப்பார்கள், மூத்த பிள்ளைகள் உண்டா, எங்கே படுப்பார்கள் என்று கேளுங்கள். குழந்தைக்கு ஒரு குறிச்சொல் கொடுத்துவிடுங்கள். போனில் அதைச் சொன்னால், எந்த நேரமானாலும், காரணம் கேட்காமல், ஏதாவது சாக்குச் சொல்லி வந்து அழைத்துப் போவீர்கள் என்று அதற்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று நம் கையிலேயே இருக்கிறது. ‘தாத்தாவுக்கு முத்தம் குடு, இல்லன்னா கோவிச்சுப்பார்’ என்று தள்ளிவிடுவதை இன்றே நிறுத்துங்கள். உன் உடம்பைவிடப் பெரியவர்களின் மனசு முக்கியம் என்று அந்த ஒரு வரி பழக்கிவிடுகிறது. மரியாதை வேறு, தொடுதல் வேறு. வணக்கம் சொல்லலாம், கையசைக்கலாம். மீதியைக் குழந்தை முடிவு செய்யட்டும்.

வயதுக்கேற்ற பேச்சு

ஒரு மணிநேர உபதேசம் வேண்டாம். இரண்டு நிமிடப் பேச்சு, குளிக்கும்போது, வண்டியில் போகும்போது, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப. பயமுறுத்தும் குரலில் சொன்னால், இது பேசக்கூடாத விஷயம் என்றுதான் குழந்தை புரிந்துகொள்ளும். சாலையைக் கடக்கச் சொல்லித்தரும் அதே குரல் போதும்.

2 முதல் 4 வயது வரை: ஆணுறுப்பு, பெண்ணுறுப்பு, மார்பு, பின்புறம் என்று உறுப்புகளைப் பெயர் சொல்லிப் பழக்குங்கள். வீட்டுக்கு மட்டும் புரியும் செல்லப் பெயரில் குழந்தை முறையிட்டால் ஆசிரியருக்கோ மருத்துவருக்கோ விளங்காமலே போய்விடும். சுத்தம் செய்ய யார் தொடலாம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மருத்துவர் பார்க்கலாம், ஆனால் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருப்பார்கள். தானாகக் கழுவிக்கொள்ள முடிந்த வயதில் அதைக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள். உதவி தேவைப்படும் நேரம் குறையக் குறைய வாய்ப்பும் குறையும்.

5 முதல் 8 வரை: விதியை உணர்வின் மேல் வைக்காமல் இடத்தின் மேல் வையுங்கள். ‘நீச்சல் உடை மறைக்கிற இடங்களையும் உன் வாயையும் விளையாட்டுக்காக யாரும் தொடக்கூடாது, பார்க்கக் கேட்கக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது. அவங்க உடம்பையோ அந்த மாதிரிப் படத்தையோ உன்கிட்ட காட்டக்கூடாது, தொடச் சொல்லக்கூடாது.’ வாயைப் பலர் விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாது. விதியில் ‘பிடிக்காவிட்டால்’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிடித்திருந்தாலும் விதி மீறல் மீறல்தான், அது மீறியவரின் தப்பு.

இரகசியத்துக்கும் ஆச்சரியத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த வயதில் நன்றாக ஏறும். பிறந்தநாள் பரிசு ஆச்சரியம். ஒருநாள் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் சிரிப்பார்கள். ‘யாருக்கும் எப்பவும் சொல்லாதே’ என்பது இரகசியம். பெரியவர் யாராவது அப்படிச் சொன்னால், அது எவ்வளவு சின்ன விஷயமானாலும் நம்மிடம் வர வேண்டும். அதன் மறுபக்கமாக, ‘அப்பாகிட்ட சொல்லாதே’ என்று நீங்களே குழந்தையைப் பழக்காதீர்கள்.

நம்பிக்கைக்குரிய ஐந்து பெரியவர்களைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். அதில் ஒருவராவது வீட்டுக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும், ஏனென்றால் தப்பு வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். முதல் ஆள் நம்பவில்லை என்றால் அடுத்தவர், அவரும் நம்பவில்லை என்றால் அதற்கடுத்தவர் என்று சொல்லிவையுங்கள். ‘இப்படி நடந்தா என்ன செய்வே?’ என்று விளையாட்டாகக் கேளுங்கள்: ‘உனக்குப் பிடிச்ச சார், கேம்ல காசு வாங்கித் தர்றேன், உன் போட்டோ ஒண்ணு அனுப்புன்னா?’ கேள்வியில் வருபவர் எப்போதும் முரட்டு அந்நியராக இருக்க வேண்டாம். குழந்தைக்குப் பிடித்தவராகவும் இருக்கட்டும்.

9 முதல் 12 வரை: மாதவிடாய், விந்து வெளிப்படுதல் போன்றவற்றை அவை நடப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாத இடத்தை இணையமோ வேறொருவரோ நிரப்புவார்கள். தொட்டால் உடம்பு தானாக எதிர்வினை காட்டும். அதற்கு விருப்பம் என்று பொருளில்லை என்பதையும் சொல்லுங்கள். பயத்தில் உடம்பு உறைந்து, கத்தவோ ஓடவோ முடியாமல் போவதும் இயல்பு. ‘நீ ஏன் கத்தல?’ என்ற கேள்வி பின்னாளில் யார் வாயிலிருந்தும் வரலாம். அதற்கான பதில் குழந்தைக்கு முன்பே தெரிந்திருக்கட்டும்.

பதின்வயதில் பேச்சு சம்மதம் பற்றியும் காதல் உறவில் வரும் அழுத்தம் பற்றியும் திரும்ப வேண்டும். ‘பொய் சொல்லிட்டுப் போயிருந்தாலும் சரி, தப்பான இடத்துல மாட்டிக்கிட்டா எனக்குக் கூப்பிடு, அன்னிக்கு ராத்திரி திட்டு கிடையாது’ என்ற ஓர் உறுதிமொழி நூறு தடைகளைவிடப் பயன்படும்.

ஆண் பிள்ளைகளுக்கும் இவை அத்தனையும் பொருந்தும். ‘ஆம்பளப் பையனுக்கு என்ன ஆகப்போகுது’ என்ற நினைப்பும், சொன்னால் கேலி செய்வார்கள் என்ற பயமும் சேர்ந்து அவர்களைப் பல ஆண்டுகள் மௌனமாக வைத்துவிடுகின்றன. மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து பல மடங்கு கூடுதல். உடலைக் கவனிக்க ஆள் மாறிக்கொண்டே இருப்பதும், சொல்ல வழியில்லாததும் காரணம். கவனிப்பவர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். தொடும் முன் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத் தொடும்படி பழக்குங்கள். படம் காட்டிப் பேசும் குழந்தை என்றால் அந்தப் பட அட்டைகளில் அந்தரங்க உறுப்புகளும், ‘நிறுத்து’, ‘வலிக்குது’ என்பவையும் இருக்கின்றனவா பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

போனும் இணையமும்

இணையத்திலும் அதே பாதைதான், ஆனால் மாதக்கணக்கில் ஆக வேண்டியது சில மணிநேரத்தில் முடிந்துவிடும். கேம் அரட்டையில் அறிமுகம், வேறொரு தனி ஆப்புக்கு வரச் சொல்லுதல், தன் படம் என்று ஏதோ ஒன்றை அனுப்பிப் பதிலுக்குக் கேட்டல், வந்ததும் மிரட்டல். ‘வேற ஆப்ல பேசலாம் வா’ என்பதுதான் மணி அடிக்க வேண்டிய இடம். காசு கேட்டு மிரட்டும் கும்பல்கள் பதின்வயது ஆண் பிள்ளைகளைத்தான் அதிகம் குறிவைக்கின்றன. பெண் போல நடித்து வருவார்கள்.

இரவில் எல்லாக் கருவிகளும் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும். கேம்களில் அரட்டையைத் தெரிந்த நண்பர்களுக்கு மட்டும் திறந்துவையுங்கள், இருப்பிடம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட, ‘சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க’ என்ற பயத்தை முதலில் எடுத்துவிடுங்கள்.

மிரட்டல் வந்துவிட்டால் பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அடுத்த கோரிக்கை வரும். அரட்டையை அழிக்க வேண்டாம். பயனர் பெயர், கணக்கின் முகவரி, மிரட்டல் வாசகம், பணம் கேட்ட விவரம் ஆகியவற்றைப் பதிவு செய்துவிட்டுப் பதிலை நிறுத்தி, கணக்கைத் தடுத்து, ஆப்பிலும் காவல்துறையிலும் புகார் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: குழந்தையின் நிர்வாணப் படத்தை ‘ஆதாரத்துக்காக’ உறவினருக்கோ ஆசிரியருக்கோ அனுப்பிவிடாதீர்கள். பல நாடுகளில் அப்படி அனுப்புவதே குற்றம். கருவியை அப்படியே விசாரணையாளரிடம் கொடுங்கள். 18 வயதுக்கு முன் எடுத்த படம் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது; அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது. படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது. படத்தை அடையாளம் காண அதிலிருந்து கணக்கிடப்படும் எண்வடிவக் கைரேகை மட்டுமே சேவையில் இணைந்த தளங்களுக்குப் போகும்.

அறிகுறிகள்: எதை நம்புவது, எதை நம்பக்கூடாது

பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ வலி, இரத்தம், அசாதாரணக் கசிவு, அடிக்கடி சிறுநீர்த் தொற்று என்றால் உடனே மருத்துவர். நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்புவது, தூக்கம் கெடுவது, குறிப்பிட்ட ஒருவரையோ இடத்தையோ கண்டு ஒதுங்குவது, கணக்கில் வராத பரிசுகள், படிப்பு சட்டென்று சரிவது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது ஆகியவை ‘ஏதோ இருக்கிறது’ என்பதற்கான அடையாளங்கள். பெற்றோர் சண்டையிலும் பள்ளிக் கொடுமையிலும்கூட இவை வரும் என்பதால், எதுவும் தனியாக நிரூபணம் ஆகாது. மறுபுறம், எந்த அறிகுறியும் இல்லாமல் சிரித்துக்கொண்டே இருக்கும் குழந்தைகளும் உண்டு.

சிறு குழந்தைகள் ஒத்த வயதினரோடு ஒருவர் உடலை ஒருவர் ஆர்வத்தில் பார்ப்பது இயல்பு. கவனத்தைத் திருப்பினால் நின்றுவிடும். வயது இடைவெளி, கட்டாயம், மிரட்டல், பெரியவர்கள் செய்யும் செயலை அப்படியே நடித்துக்காட்டுதல், தடுத்தும் நிற்காமை இருந்தால் நிபுணரிடம் போக வேண்டும்.

மருத்துவப் பரிசோதனை பற்றி ஒரு தவறான நம்பிக்கை வழக்குகளையே கெடுத்திருக்கிறது. துன்புறுத்தலுக்கு ஆளான குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு உடல் பரிசோதனையின் முடிவு இயல்பாகவே வரும். பல செயல்கள் காயம் உண்டாக்குவதில்லை; காயமும் அந்தப் பகுதியில் வேகமாக ஆறிவிடும். ‘ஒண்ணும் இல்ல’ என்ற முடிவுக்கு ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று பொருளில்லை. கன்னித்தன்மைச் சோதனைக்கு மருத்துவ அடிப்படை கிடையாது. அதை ஒழிக்கச் சொல்லி உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. அமைப்புகளும் 2018இல் கூட்டாக அறிவித்தன.

குழந்தை சொல்லும்போது

குழந்தைகள் முழுக்கதையாகச் சொல்வது அபூர்வம். ‘எனக்கு அந்த மாமா வேணாம்’ என்று ஒரு நுனியை நீட்டி உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். முகம் கலவரமானால் நுனி உள்ளே போய்விடும். மூச்சை நிதானமாக்கி, குழந்தையின் உயரத்துக்கு உட்கார்ந்து, இவற்றைச் சொல்லுங்கள்: ‘நீ சொல்றத நான் நம்பறேன். சொன்னது ரொம்ப நல்லது. இதுல உன் தப்பு எதுவும் இல்ல. இனிமே செய்ய வேண்டியத நான் பாத்துக்கறேன்.’

‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள். அதைக் காப்பாற்ற முடியாது. ‘அவனைக் கொன்னுடுவேன்’ என்று கத்தாதீர்கள். குழந்தைக்கு அவர் மேல் இன்னும் பாசம் இருக்கலாம், உங்களைச் சிறைக்கு அனுப்பிவிடுவோமோ என்ற பயமும் சேர்ந்து, ‘சும்மா சொன்னேன்’ என்று பின்வாங்கிவிடும். சொல்லியதை மறுப்பதும், தாமதமாகச் சொல்வதும், முன்னுக்குப்பின் முரணாகச் சொல்வதும் அடிக்கடி நடப்பவை என்று அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சமிட் 1983லேயே விவரித்தார். குழந்தை மறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் விஷயத்தை அதோடு விட்டுவிடாதீர்கள்.

கேள்விகளில்தான் நல்ல பெற்றோரும் சறுக்குகிறார்கள். ‘அவர் அங்க தொட்டாரா? உள்ள விட்டாரா?’ என்று பதிலை உள்ளே வைத்துக் கேட்டால், குழந்தையின் நினைவில் உங்கள் சொற்கள் கலந்துவிடும்; பிறகு வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். ‘என்ன நடந்துச்சு, சொல்லு’, ‘அப்புறம்?’ என்பதோடு நிறுத்துங்கள். உங்களுக்கு இப்போது தேவை நான்கே விவரம்: யார், கடைசியாக எப்போது, இப்போது எங்காவது வலிக்கிறதா, அவர் மறுபடி நெருங்க வாய்ப்பு இருக்கிறதா. மீதி பயிற்சி பெற்றவர் வேலை. குழந்தை தூங்கிய பிறகு, அது பயன்படுத்திய சொற்களிலேயே, நீங்கள் கேட்ட கேள்வியையும் சேர்த்து, தேதி நேரத்தோடு எழுதிவையுங்கள்.

சம்பந்தப்பட்டவரை நேரில் கூப்பிட்டுக் கேட்க வேண்டாம். போனில் இருப்பதை அழிக்கவும் கதை தயாரிக்கவும் அவருக்கு நேரம் கொடுத்ததாகிவிடும். குழந்தையையும் அவரையும் எதிரெதிரே நிறுத்துவது அதைவிட மோசம்.

முதல் 72 மணிநேரம்

1. அத்துமீறியவரிடமிருந்து குழந்தையைப் பிரித்துவையுங்கள். ஒரே வீடு என்றால் வெளியேற வேண்டியது அவர். குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பினால் அது தண்டனையாகவே தெரியும். உடனே வெளியேற்ற முடியாத நிலையில், நீங்களும் குழந்தையோடு கிளம்புங்கள்.

2. சம்பவம் சில நாட்களுக்குள் நடந்தது என்றால் குளிப்பாட்டாமல், உடை மாற்றாமல், வாய் சம்பந்தப்பட்டிருந்தால் பல் துலக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஏற்கெனவே மாற்றிய உடை, படுக்கை விரிப்பு ஆகியவற்றைத் துவைக்காமல் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி மரபணுத் தடயம் அழுகிவிடும். குளித்துவிட்டாலும் போங்கள், சிறு குழந்தைகள் விஷயத்தில் உடம்பைவிட உடையிலும் விரிப்பிலும்தான் தடயம் கிடைப்பது அதிகம்.

3. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணிநேரத்துக்குள் தொடங்க வேண்டும்; ஒவ்வொரு மணிநேரமும் முக்கியம். தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். பருவமடைந்த பெண் குழந்தைக்கு அவசரக் கருத்தடை 120 மணிநேரம் வரை கொடுக்கலாம், முந்தினால் பலன் அதிகம். மஞ்சள்காமாலை ‘பி’ தடுப்பூசி, பால்வினைத் தொற்றுச் சோதனை பற்றி நீங்களே கேளுங்கள். கெடு தாண்டிவிட்டாலும், மாதங்கள் ஆகிவிட்டாலும், பரிசோதனை தேவைதான்.

4. காவல்துறையிடமோ குழந்தைகள் பாதுகாப்புத் துறையிடமோ தெரிவியுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் நாட்டின் குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். அந்த எண் இன்றே உங்கள் போனில் ஏறியிருக்கட்டும். பயிற்சி பெற்றவர் பேட்டி எடுக்க வேண்டும், முடிந்தவரை ஒரே முறை, பதிவு செய்யப்பட்டு நடக்க வேண்டும் என்று கேளுங்கள். பத்து பேரிடம் பத்து முறை சொல்லவைப்பது குழந்தையை நோகடிக்கும், வாக்குமூலத்தையும் பலவீனமாக்கும்.

உறவினர் கூடி ‘வெளிய தெரிஞ்சா மானம் போயிடும், நாமளே பேசி முடிச்சுக்கலாம்’ என்பார்கள். பேசி முடித்தால் அவர் அடுத்த குழந்தையிடம் போக வழி திறந்தே இருக்கும்.

செய்தது இன்னொரு சிறுவர் என்றால், அதிலும் உடன்பிறந்தவர் என்றால், இருவரையும் தனித்தனி அறையில் படுக்கவைத்து, ஒரு கணமும் தனியாக விடாமல், இரு பிள்ளைகளுக்கும் உதவி தேடுங்கள். தகுந்த சிகிச்சை கிடைத்த சிறுவர்களில் பெரும்பாலோர் மறுபடி அப்படிச் செய்வதில்லை. மறைத்துவிட்டால் அந்தச் சிகிச்சைக்கே வழியில்லை.

அதன் பிறகு

குழந்தை எவ்வளவு மீளும் என்பதில், பெற்றோர் நம்பித் துணை நின்றார்களா என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு (நடந்தது பற்றிய எண்ணங்களையும் பயத்தையும் படிப்படியாகப் பேசிச் சமாளிக்கப் பழக்கும் மனநலச் சிகிச்சை) நல்ல ஆதாரம் இருக்கிறது; பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள், பெற்றோரும் பங்கேற்பார்கள். பள்ளி, விளையாட்டு, தூங்கும் நேரம் பழையபடியே இருக்கட்டும். ‘இனிமே வெளிய போகாதே’ என்று பூட்டிவைத்தால், சொன்னதற்குக் கிடைத்த தண்டனையாகவே தெரியும். குழந்தை பேச வந்தால் கேளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள். உங்கள் அழுகையையும் கோபத்தையும் இறக்கிவைக்க வேறொரு பெரியவரையோ ஆலோசகரையோ தேடிக்கொள்ளுங்கள்.

சரியாகிவிட்டது என்று நினைத்த பிறகும் பருவமடையும்போது, சாட்சி சொல்ல அழைப்பு வரும்போது, முதல் காதல் உறவில், இது மறுபடி தலைதூக்கலாம். சிகிச்சை தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வயதிலும் குழந்தை அதைப் புதிதாகப் புரிந்துகொள்கிறது. சிகிச்சையை முடிக்கும்போதே, தேவைப்பட்டால் இரண்டு மூன்று அமர்வுகளுக்குத் திரும்பி வரலாமா என்று சிகிச்சையாளரிடம் கேட்டு, சிகிச்சைக் கோப்பின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.